சத்தமில்லாமல் குளிர்கிற அறை

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. பேக்கரியில் யாரும் அதைத் தொட்டதில்லை. கல்யாணமான புதிதில் மனைவி வீட்டார் அவரை "டாக்டர் ஆகப்போறவர்" என்று ஊருக்கெல்லாம் அறிமுகப்படுத்தினார்கள். முதல் இரண்டு வருடம் அதை முழுசாகச் சொன்னார்கள். மூன்றாம் வருடம் முன்பாதி உதிர்ந்துவிட்டது. இப்போது ஏழாம் வருடம் நடக்கிறது, வெறும் ஆகப்போறவர். "ஆகப்போறவருக்கு டீயில சர்க்கரை கம்மி", "ஆகப்போறவர் சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்று பேக்கரி முழுக்க அந்தப் பெயர் சாதாரணமாகப் புழங்கியது. அவரும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

பல்கலைக்கழகம் அவருக்கு மூன்றாவது முறையாகக் கால நீட்டிப்புத் தந்திருந்தது. கடிதத்தில் 'இறுதி' என்ற சொல்லை இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். மனிதர் ஒரு கோட்டில் புரிந்துகொள்ள மாட்டார் என்று அனுபவத்தில் தெரிந்திருக்க வேண்டும். முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆய்வேட்டில் எல்லாம் தயார். ஒரே ஒரு தாள் பாக்கி. பேக்கரியின் க்ரீம் அறை தொடர்ந்து ஏழு நாள் பத்து டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தது என்று காட்டும் வரைபடத் தாள். நடுவில் ஒரு நிமிடம் பத்தைத் தாண்டினாலும் மறுபடி முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும்.

அவருடைய ஆராய்ச்சி கேட்பதற்கு எளிமையானது. பேக்கரி அடுப்பு நாள் முழுக்க எரிகிறது. அதன் சூட்டில் ரொட்டிக்குப் போனது போக மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. வானம் கேட்கவில்லை. அந்தச் சூட்டைப் பிடித்துத் தண்ணீரைக் காய்ச்சி, அந்தத் தண்ணீரால் ஒரு மூடிய கலனில் குளிரூட்டித் திரவத்தைக் கொதிக்க வைத்து, கிளம்புகிற ஆவியை ஊசிமுனை போன்ற ஒரு வாய் வழியாகப் பாய்ச்சினால், அது ஒலியைவிட வேகமாக ஓடும். பஸ்ஸிலிருந்து அவசரமாக இறங்குகிறவர், இறங்கும் எண்ணமே இல்லாமல் படியில் நிற்பவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குவார் அல்லவா? அதுபோல இந்த ஆவி, க்ரீம் அறைக் குழாயில் சோம்பிக் கிடக்கும் ஆவியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். போகிற ஆவி அறையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அறை குளிரும். இந்த இழுபறி நடக்கிற இடத்துக்கு எஜெக்டர் என்று பெயர். முழங்கை நீளத்தில், இரண்டு முனையும் அகன்று இடுப்பு சிறுத்த ஓர் இரும்புக் குழாய். உள்ளே சுழல்வது, ஆடுவது, தேய்வது ஒன்றும் கிடையாது. கொல்லைப்புறத்தில் ஒரு டம்ளர் அளவுக்குச் சின்ன பம்ப் மட்டும் உண்டு. அதன் மேல் காதை வைத்தால்தான் அது ஓடுவதே தெரியும்.

இதில் ஆரம்பத்திலேயே ஒரு மனத்தாங்கல் வந்தது. இப்படி வீணாகிற சூட்டுக்கு ஆய்வேட்டில் 'தரம் குறைந்த வெப்பம்' என்று பெயர். ஒருநாள் அந்த வரியை அவர் வாய்விட்டுப் படித்தபோது அடுப்புக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"எந்தச் சூடு தம்பி தரம் குறைஞ்சது?"

"உங்க புகைபோக்கிச் சூடுதான் அண்ணே. அது ஒரு துறைச் சொல். அதுல தண்ணி தொண்ணூறு டிகிரிக்குத்தானே காயுது, அதனால..."

"இருபது வருஷமா இந்தச் சூட்டுலதான் ஊரே ரொட்டி தின்னுது. ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்லை."

இரண்டு நாள் அடுப்புக்காரர் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆகப்போறவர், அந்தப் பக்கத்தில் 'தரம் குறைந்த' என்பதை அடித்துவிட்டு 'மிதமான' என்று எழுதிக் காட்டினார். அடுப்புக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்த்துவிட்டு மன்னித்தார். ஆய்வேட்டில் மற்ற நூற்றுப் பதினாறு இடங்களில் அது அப்படியே இருந்தது. ஆனால் அவற்றை அவர் படிக்கப்போவதில்லை.

பேக்கரியை நடத்துவது அவர் மனைவி. க்ரீம் அறை வேண்டும் என்று கணவர் கேட்டபோது அவள் ஒரு நிபந்தனையோடு கொடுத்தாள். "க்ரீம் கெட்டா பழைய மெஷின் திரும்ப வந்துடும்." பழைய மெஷினை மாட்டியவரும் கழற்றியவரும் அவளுடைய அண்ணன், மூன்று தெரு தள்ளி ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கடை வைத்திருக்கிறவர். கம்ப்ரஸர் இல்லாமல் குளிர் வரும் என்பதை அவர் தொழில்ரீதியாகவே ஏற்க மறுத்தார். எஜெக்டரை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தபோது ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். மறுமுனையில் மாப்பிள்ளையின் முகம் தெரிந்தது.

"மாப்ள, உள்ளே ஒண்ணுமே இல்லையே."

"அதுதான் மச்சான் இதோட சிறப்பே."

"சிறப்புதான். கெட்டுப்போனா கழட்டிப் பார்க்க ஒண்ணும் இருக்காது. மெக்கானிக் வயித்துல அடிக்கிறதுக்குன்னே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கு."

மாட்டி இரண்டு மாதம் ஆயிற்று. க்ரீம் கெடவில்லை. ஆனால் வரைபடத் தாள் ஒத்துழைக்கவில்லை. க்ரீம் அறைக் கதவுக்குப் பக்கத்தில், கல்லூரியிலிருந்து கடன் வாங்கிவந்த ஒரு பதிவுக் கருவி இருந்தது. அதன் சிவப்புப் பேனா சுருள் தாளில் வெப்பநிலையைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். ராத்திரியில் கோடு ஒன்பதை ஒட்டி நூல் பிடித்த மாதிரி போனது. காலை ஆறு மணிக்குப் பேக்கரி விழித்ததும் ரம்பத்தின் பல் போல மேலும் கீழும் குதித்தது. ஒவ்வொரு பல்லும் சின்னதுதான். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்விக்கிற மெஷின், ஒரு பல்லிலிருந்து எழுந்திருப்பதற்குள் அடுத்த பல் விழுந்தது. பதினொரு மணிவாக்கில் கோடு பத்தைத் தாண்டிவிடும். அன்றைய கணக்கு அத்தோடு முடிந்தது.

ஆகப்போறவர் விஞ்ஞானி ஆகையால் முதலில் விஞ்ஞானத்தைச் சந்தேகித்தார். ஊசிவாயை அரை மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினார். பல் போகவில்லை. அரை மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினார். பல் அப்படியே இருந்தது. ஆவி திரும்பத் திரவமாகிற தொட்டியில் தண்ணீர் சூடாகிறதோ என்று தொட்டிக்குக் கீற்றுப் போட்டார். தொட்டிக்கு இதமாக இருந்ததோடு சரி. இப்படி நோட்டுப் புத்தகத்தில் பதினொரு காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்து, இருபதாம் தேதி காலையில் பன்னிரண்டாவதாக ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டார். பிறகு ஸ்வெட்டர், மஃப்ளர், டார்ச் லைட் சகிதம் க்ரீம் அறைக்குள் போய், க்ரீம் டப்பாக்களுக்கு நடுவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மெஷின் தப்புச் செய்கிற நேரத்தில் கையும் களவுமாகப் பிடிப்பது என்பது திட்டம்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கதவு திறந்தது. கேக்கம்மா தலையை நீட்டினாள். கேக்குகளுக்கு ரோஜாப்பூ போடுவது அவள் வேலை.

"ஓடுதா?"

"ஓடுது."

கதவு மூடியது. க்ரீம் டப்பாக்களுக்கு நடுவில் ஒரு மனிதர் மஃப்ளரோடு உட்கார்ந்திருப்பது அவளுக்கு எந்த ஆச்சரியத்தையும் தரவில்லை. ஏழு வருடத்தில் இதைவிட மோசமாகவெல்லாம் பார்த்திருக்கிறாள்.

மூன்று நிமிடம் கழித்து அடுப்புக்காரர். "ஓடுதா தம்பி?" ஓடுகிறது என்றார். பிறகு மாவு பிசைகிறவர். அவர் கேட்கவில்லை, கையை மட்டும் உள்ளே விட்டு, காற்றை ஒருமுறை பிசைந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு கடையில் நிற்கிற பெண். பிறகு மறுபடி கேக்கம்மா. பிறகு மனைவி. அவள் "ஏங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அக்கறைதான் என்று அவர் நெகிழ்வதற்குள் "ஓடுதா?" என்றாள்.

டார்ச் வெளிச்சத்தில் குழாயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ஆகப்போறவர் நோட்டில் கோடு போட ஆரம்பித்தார். இரண்டு மணி நேரத்தில் முப்பத்தொரு கோடு.

மதியம் எல்லோரையும் மாவு மேஜைக்குப் பக்கத்தில் கூட்டினார்.

"ஒண்ணு கேட்கிறேன். யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. க்ரீம் அறைக் கதவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறீங்க?"

"நான் ரெண்டு தடவை" என்றாள் கேக்கம்மா. "காலையில க்ரீம் எடுக்க, சாயங்காலம் மிச்சத்தை வைக்க."

"இன்னைக்குக் காலையில மட்டும் ஒன்பது தடவை."

"அது திறந்ததா? எட்டிப் பார்த்தேன்."

அடுப்புக்காரரும் திறக்கவில்லை, ஓடுகிறதா என்று கேட்கத்தான் செய்தார். மாவு பிசைகிறவரும் திறக்கவில்லை, கைதான் போயிற்று. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் விசேஷம்.

"எதுக்காகப் பார்க்கிறீங்க?"

"சத்தம் வரலையே" என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். பழைய மெஷின் பன்னிரண்டு வருடம் ராப்பகலாகக் கத்தியது. ஒரு நொடி ஓய்ந்ததில்லை. ஓய்ந்தால் கெட்டுப்போனது என்று அர்த்தம். ஆகவே அந்தப் பேக்கரியில் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சத்தம் நின்றால், கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் எத்தனையோ டப்பா க்ரீமைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது இரண்டு மாதமாகச் சத்தமே இல்லை. ஆகவே இரண்டு மாதமாக அவர்கள் ஓடிப்போய்த் திறந்துகொண்டிருந்தார்கள். பொறுப்பானவர்கள்.

"நோட்டுல என் பேருக்கு நேரா எத்தனை?" என்று மனைவி கேட்டாள்.

"நாலு."

"உங்க பேரு எங்கே?"

"நான் இன்னைக்கு உள்ளேதானே இருந்தேன்."

"நேத்து நான் பார்க்கப் பன்னிரண்டு தடவை போயிட்டு வந்தீங்க."

"நான் அளவெடுக்கத் திறந்தேன்."

"நாங்களும் அதுக்குத்தான் திறந்தோம். எங்ககிட்ட தெர்மாமீட்டர் இல்லை, அவ்வளவுதான்."

மாவு பிசைகிறவர் தலையைக் குனிந்துகொண்டு மாவைப் பார்த்துச் சிரித்தார்.

இருபத்தொன்றாம் தேதி கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. 'இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து கதவைத் திறக்க வேண்டாம்.' அழகான கையெழுத்து. படித்தவர்கள் எல்லோரும், உண்மைதானா என்று திறந்து பார்த்தார்கள். அதுவரை இந்த விவகாரமே தெரியாமல் ரொட்டி ஏற்றிக்கொண்டிருந்த வண்டிக்காரரும் அன்றைக்குச் சேர்ந்துகொண்டார். பூட்டுப் போடலாமா என்றபோது கேக்கம்மா, சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டாள். ஆகப்போறவரிடம் என்றார்கள். "அப்ப பன்னிரண்டு தடவை உறுதி" என்றாள். பதிவுக் கருவியில்தான் எண் தெரிகிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று அவர் கெஞ்சினார். அடுப்புக்காரர் அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"நம்பர் சரிதான் தம்பி. ஆனா நம்பர் எதை வேணாலும் சொல்லும்."

அன்று சாயங்காலம் மச்சான் ரொட்டி வாங்க வந்தார். கதை முழுவதையும் தங்கை சொல்லக் கேட்டு, கடைவாசல் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு, தொழில்முகம் போட்டுக்கொண்டார்.

"மாப்ள, உங்க மெஷின்ல ஒரு பாகம் குறையுது."

"என்ன பாகம்?"

"சத்தம்."

மறுநாள் காலையில் வந்தார். பழைய மெஷினின் மின்விசிறி மோட்டாரை, தகடு கழன்று ஆடுகிற அதே கூண்டோடு, க்ரீம் அறையின் வெளிச்சுவரில் நாலு போல்ட் போட்டு மாட்டினார். மோட்டார் எதோடும் சேரவில்லை. எந்தக் காற்றையும் எங்கும் தள்ளவில்லை. மின்சாரத்தை வாங்கிக்கொண்டு சத்தமாகத் திருப்பிக் கொடுத்தது. டர்ர்ர் என்று சீராக ஒரு சத்தம், நடுநடுவே தகடு ஒரு கிணுக்.

"இது சும்மாதான் ஓடுது. எதோடயும் சேரலை" என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். தொழிலில் நேர்மையானவர்.

"தெரியுது, தெரியுது" என்றாள் கேக்கம்மா. சொல்லிவிட்டு, இரண்டு மாதத்தில் முதல்முறையாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ரோஜாப்பூ போட ஆரம்பித்தாள். எல்லோருக்கும் உண்மை தெரியும். இருந்தாலும் காதில் சத்தம் விழுந்தது; கை சும்மா இருந்தது. காலையில் க்ரீம் எடுக்க ஒருமுறை, சாயங்காலம் மிச்சத்தை வைக்க ஒருமுறை; அதற்குமேல் அந்தக் கதவை யாரும் நினைக்கக்கூட இல்லை. இருபத்திரண்டாம் தேதி மாலை நாலு மணிக்குச் சிவப்புப் பேனாவுக்குக் கீழே ஆகப்போறவர் 'ஆரம்பம்' என்று எழுதினார். இருபத்தொன்பதாம் தேதி மாலை நாலுக்கு ஏழு நாள் முடியும். முப்பதாம் தேதி கடைசி நாள். இன்னொரு ஆரம்பத்துக்கு இடமில்லை.

கோடு நூல் பிடித்த மாதிரி போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள். காலையில் க்ரீம் எடுக்கும்போது ஒன்பதே முக்கால்வரை எம்பும், பிறகு அடங்கிவிடும். ஆகப்போறவர் அந்த நாட்களில் கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டே நடந்தார். வெளியே எடுத்தால் கதவுப்பக்கம் போய்விடும் என்ற பயம்.

இருபத்தொன்பதாம் தேதி ஒன்றே முக்கால் மணிக்கு அவருடைய கைடு வந்தார். பக்கவாட்டில் மட்டும் முடி உள்ள, எதையும் இரண்டு தடவை படிக்கிற பேராசிரியர். சுருள் தாளை முழுசாகப் பிரித்து மாவு மேஜையின் மேல் விரித்தார். ஆறு நாளையும் விரலால் தடவிக்கொண்டே வந்தார். முகத்தில், ஏழு வருடத்தில் இல்லாத ஒரு தெளிவு வந்தது. பிறகு நிமிர்ந்து காதைத் திருப்பினார்.

"அது என்னப்பா சத்தம்?"

பம்ப் சத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் பக்கத்தில் எல்லோரும் நின்றார்கள்; கேக்கம்மா இன்னும் ரோஜாப்பூ வைக்காத ஒரு கேக்கைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"அது சும்மா ஓடுது சார்" என்றார்.

"சும்மாவா?"

சொன்னார். முப்பத்தொரு கோட்டிலிருந்து மச்சானுடைய நாலு போல்ட்வரை சொன்னார். கைடு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டுக்கொண்டார்.

"கம்ப்ரஸரே இல்லாத குளிரூட்டி. அதுதானே உன் ஆய்வேட்டுத் தலைப்பு?"

"ஆமா சார்."

"வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் சுவர்ல ஒரு மோட்டாரைப் பார்ப்பார். மோட்டார்தான் குளிர்விக்குது, குழாய் அலங்காரம்னு எழுதுவார். எழுதினா தப்பில்லை. நானே எழுதுவேன்." மணியைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு அதை நிறுத்து. நாலுவரை நான் இங்கேயே இருக்கேன். அது நின்னும் கோடு பத்துக்குள்ள இருந்தா இங்கேயே கையெழுத்துப் போடறேன். தாண்டினா... என்ன பண்றது."

மோட்டாரை நிறுத்தினார்கள். தகடு கடைசியாக ஒருமுறை கிணுக் என்றது. பிறகு பேக்கரியில் அமைதி விழுந்தது.

கையிலிருந்த கேக்கை வைத்துவிட்டுக் கேக்கம்மா எழுந்தாள். அவளுக்கே தெரியாது எழுந்தது. இரண்டு எட்டு வைத்து, எல்லோரும் பார்ப்பதைப் பார்த்து உட்கார்ந்தாள். அடுப்புக்காரர் அடுப்புக்குப் போகிறவர் போல ஆரம்பித்து வளைந்து கதவுப்பக்கம் வந்தார். "தம்பி, ஒரே ஒரு தடவை..." மாவு பிசைகிறவர் கையை மாவிலிருந்து உருவிக்கொண்டார். ஆகப்போறவர் ஒவ்வொருவரிடமும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே நகர்ந்ததில், தான் கதவுக்கு ஓரடி தூரத்தில் வந்து நிற்பதை அறிந்தார். வலது கை கைப்பிடியின் மேல் இருந்தது.

"கொஞ்சம் நகருங்க" என்று மனைவியின் குரல் கேட்டது.

ஒரு காலி மாவு டின்னை உருட்டிக்கொண்டு வந்தாள். கதவை ஒட்டி அதைக் கவிழ்த்துப் போட்டு, முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்தாள். ஆர்டர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, போனில் யாருக்கோ பிறந்தநாள் கேக்கின் எழுத்துக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத ஆரம்பித்தாள்.

இரண்டே கால். அடுப்புக்காரர் வந்தார். "ஓடுதாம்மா?"

"ஓடுது" என்றாள், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் நின்றார். "பார்த்தியா?"

"நீங்க போங்கண்ணே. ரொட்டி கருகுது."

போனார். இரண்டரைக்குக் கேக்கம்மா. "ஓடுதா பாப்பா?" "ஓடுதுக்கா." வண்டிக்காரருக்கும் ஓடியது, கடையில் நிற்கிற பெண்ணுக்கு இரண்டு தடவை ஓடியது. ஒவ்வொருவருக்கும் ஒரே குரலில் சொன்னாள். ஆகப்போறவர் எதிர்ச்சுவரில் சாய்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு தடவை எட்டிப் பார்த்தவள், இன்றைக்கு முதுகை வைத்துவிட்டு, பார்க்காததைப் பார்த்த மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அவருடைய கைடு ஏழு வருடத்தில் சமன்பாடுகளைப் பார்த்து நம்பினார். பல்கலைக்கழகம் தேதியைப் பார்த்தது. பார்க்காமல் யாராவது நம்புவார்கள் என்று அவர் எந்த அத்தியாயத்திலும் எழுதவில்லை. சிவப்புப் பேனா ஒன்பது புள்ளி நாலில் இருந்தது.

மூன்றே காலுக்குக் கைடு எழுந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அடுப்பைப் பார்த்தார், மாவு மேஜையைப் பார்த்தார், சுவரில் சும்மா இருக்கிற மோட்டாரைப் பார்த்தார். மெல்ல மாவு டின்னுக்கு முன்னால் வந்து நின்றார். எஜெக்டரைப் பற்றி அவர் பதினாறு கட்டுரை எழுதியவர்.

"ஓடுதாம்மா?"

"ஓடுது சார்."

"இல்லை, சத்தமே வரலையே. ஒரு நிமிஷம் மட்டும்..."

"நாலு மணிக்கு வாங்க சார்."

கைடு திரும்பி மாணவரைப் பார்த்தார். மாணவர் உத்தரத்தைப் பார்த்தார். மாவு பிசைகிறவர் மாவைப் பார்த்தார். கைடு தன் நாற்காலிக்கே திரும்பிப்போய் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார்.

மூன்றரைக்குக் கோடு ஒன்பது புள்ளி ஆறு ஆயிற்று. மதியத்துக்குப் பிறகு அடுப்பு முழுசாக எரிகிற நேரம், க்ரீம் அறைச் சுவரே சூடேறும். மூன்றே முக்காலுக்கு ஒன்பது புள்ளி ஏழு. ஆகப்போறவர் மனைவியின் பக்கம் வந்தார்.

"ஒண்ணும் இல்லை. உள்ளே குழாயில பனி கட்டியிருக்குதான்னு..."

"போய் உட்காருங்க."

"ஒரு விநாடி. நான் திறக்கிறது வேற, அவங்க திறக்கிறது வேற."

"கதவுக்குத் தெரியுமா அது?"

அவள் தலை நிமிராமலே, குரலை மட்டும் இறக்கினாள். "முதுகெல்லாம் சில்லுன்னு இருக்கு. அது போதாதா?"

போய் உட்கார்ந்தார். கையைச் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். மச்சான் எப்போது வந்தாரென்று தெரியவில்லை. வாசலில், நின்றுபோன தன் மோட்டாரையும் தங்கையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நக்கலும் சொல்லவில்லை. அது அவருக்குப் பெரிய காரியம்.

பேனா ஒன்பது புள்ளி எட்டைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, யாரும் எதுவும் செய்யாததால், ஒன்பது புள்ளி ஏழுக்கு இறங்கியது.

நாலு மணி. கைடு எழுந்து, மாவு மேஜையில் ஓரிடத்தைத் துடைத்துக்கொண்டு, தாளை இரண்டு தடவை படித்து, கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். மாணவரிடம் நீட்டும்போது அவர் விரலெல்லாம் மாவு.

"மோட்டாரைப் பத்தி ஒரு பின்னிணைப்பு எழுது. மறைக்காதே. எத்தனை தடவை கதவு திறந்தது, மோட்டார் ஓடினப்போ எத்தனை, எல்லாம் போடு. அந்த மோட்டார் தின்ன மின்சாரத்தையும் கழிச்சுக் காட்டு. நாளைக்குப் பத்து மணிக்கு அலுவலகம் திறக்கும்."

"சரி சார்" என்றார் ஆகப்போறவர். தாளை வாங்கியது தெரிந்தது. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. கேக்கம்மா மூக்கை உறிஞ்சினாள். அடுப்புக்காரர் அவர் தோளைத் தட்டினார்; சட்டையில் கரி விழுந்தது.

மனைவி மாவு டின்னிலிருந்து எழுந்தாள். இரண்டு மணி நேரம் சாய்ந்திருந்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. கையால் அழுத்திக்கொண்டே கதவைத் திறந்தாள். எல்லோரும் அவளைச் சுற்றி எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கையை நீட்டி, காற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். ஒரு டப்பா மூடியை விலக்கி, வெண்ணெய் க்ரீமில் கரண்டியை விட்டுப் பார்த்தாள். கரண்டி உடனே இறங்கவில்லை.

"ஏங்க."

"சொல்லு."

"இப்ப யாரும் திறக்கிறதில்லையா, ரொம்பவே குளிருது போல. க்ரீம் கல்லாயிடுச்சு. இதைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

ஊசிவாயின் அளவு இரும்பில் கடைந்தது. அதைக் கூட்டவோ குறைக்கவோ அதில் ஒரு திருகுகூடக் கிடையாது. ஆகப்போறவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, அவருக்குப் பின்னால் கைடு தன் சீட்டைத் திருப்பி, "அளவு மாற்றக்கூடிய ஊசிவாய், அடுத்த ஆய்வு" என்று முணுமுணுத்தபடி வெறுமையாக இருந்த மறுபக்கத்தில் எழுத ஆரம்பிப்பது கேட்டது.